ரெண்டும் ஒண்ணுதானா?

திருச்சிப் பக்கம் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு அமெரிக்காவில் வரைந்த டிராயிங் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் ஒரே வரி: எஃகு ஏஎஸ்டிஎம் ஏ36. பட்டறைக்காரர் இரும்பு மண்டிக்குப் போன் போடுகிறார். அங்கிருந்து பதில் வருகிறது: “ஏ36-னு தனியா இல்லீங்க. ஐஎஸ் 2062-ல இ250 இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்.”

இந்தப் பதில் பெரும்பாலும் வேலைக்கு ஆகும். சில இடங்களில் ஆகாது. எந்த இடத்தில் ஆகும், எந்த இடத்தில் ஆகாது என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாமல்தான் பட்டறையும், வடிவமைத்த பொறியாளரும், ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டரும் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். எல்லார் கையிலும் ஒரு ‘இணைத்தர அட்டவணை’ இருக்கும். அதில் ஏ36, இ250, எஸ்275, எஸ்எஸ்400, கியூ235 எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். அந்த வரிசையை எப்படிப் படிப்பது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

பெயரில் நிற்கும் எண்

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. எஃகுக்கு இரண்டு முக்கியமான வலிமைகள் உண்டு. ஒரு துண்டை இழுத்தால் அது கொஞ்சம் நீளும். விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டி இழுத்துவிட்டால் திரும்பாது, நிரந்தரமாக நீண்டுவிடும். அந்த எல்லையைப் பட்டறையில் ‘ஈல்டு’ என்பார்கள். மேலும் இழுத்துக்கொண்டே போனால், அறுவதற்கு முன் அது தாங்கும் உச்சம் ஒன்று வரும். அது இழுவலிமை, ‘டென்சைல்’.

சில நாடுகள் ஈல்டைப் பெயரில் வைத்தன, சில நாடுகள் இழுவலிமையை வைத்தன. இந்திய இ250 என்பதில் 250 ஈல்டு, மெகாபாஸ்கல் கணக்கில். ஐரோப்பிய எஸ்235, எஸ்275 என்பவற்றிலும் சீனத்தின் கியூ235-லும் எண் ஈல்டுதான். அமெரிக்க ஏ36-ன் 36-உம் ஈல்டே. ஆனால் அது சதுர அங்குலத்துக்கு 36 ஆயிரம் பவுண்டு. மெகாபாஸ்கலுக்கு மாற்றினால் 248 வரும், தரநிலை அதை 250 என்று முழுமைப்படுத்திக்கொள்கிறது. ஜப்பானின் எஸ்எஸ்400 மட்டும் வேறு சாதி. அந்த 400 இழுவலிமை. சதுர மில்லிமீட்டருக்கு 41 கிலோ தாங்கும் என்ற கணக்கில் முன்பு எஸ்எஸ்41 என்று இருந்த பெயர்தான் பின்னர் எஸ்எஸ்400 ஆயிற்று. அதன் ஈல்டு 16 மி.மீ. தடிமன் வரை 245 மட்டுமே. ‘400 என்று போட்டிருக்கிறதே, இ250-ஐவிட வலுவானது போல’ என்று யாராவது நினைத்தால், பெயர் அவரை ஏமாற்றிவிட்டது என்று பொருள்.

நம் ஊரிலேயே இந்தக் கண்ணி இருக்கிறது. இ250-ன் பழைய பெயர் எஃப்இ 410. அந்த 410 இழுவலிமை. கான்கிரீட்டில் போடும் முறுக்குக் கம்பியில் எஃப்இ 415 என்று ஒரு தரம் உண்டு. அந்த 415 ஈல்டு. இரண்டு பெயருக்கும் ஐந்தே எண்தான் வித்தியாசம். எஃகுக்கு எவ்வளவோ வித்தியாசம். பழைய டிராயிங்குகளில் ஜெர்மனியின் எஸ்டி 37 வரும், பிரிட்டனின் 43ஏ வரும். அவையும் இழுவலிமைப் பெயர்கள்தான். இன்றைய எஸ்235-க்கும் எஸ்275-க்கும் அவை முன்னோர்கள்.

தடிமன் கூடினால் வாக்குறுதி மாறும்

பெயரைப் புரிந்துகொண்டாயிற்று. ஏ36-க்கும் 250, இ250-க்கும் 250. சரிதானே? மெல்லிய தகடு என்றால் சரி. தடித்த தகட்டில் சரியாக இராது.

தகடு தடிமனாக இருந்தால் உருட்டாலையில் அது குறைவாக அமுக்கப்படுகிறது, மெதுவாக ஆறுகிறது, உள்ளே மணிகள் பெரிதாக வளர்கின்றன. அதே வேதிச் சேர்மானம் இருந்தாலும் ஈல்டு குறைகிறது. இந்த உண்மையை நாடுகள் இரண்டு விதமாகக் கையாண்டன. இந்தியத் தரநிலை கார்பனின் உச்சவரம்பை மாற்றாமல், ஈல்டு குறைவதை ஏற்றுக்கொள்கிறது: இ250-க்கு 20 மி.மீ.-க்குக் கீழே 250, 20 முதல் 40 வரை 240, அதற்கு மேல் 230. அமெரிக்கத் தரநிலை 200 மி.மீ. தடிமன் வரை 250-ஐ விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு ஈடாகக் கார்பனைக் கூட்டிக்கொள்ள ஆலைக்கு அனுமதி தருகிறது: மெல்லிய ஏ36 தகட்டில் 0.25 விழுக்காடாக இருக்கும் வரம்பு, 100 மி.மீ.-க்கு மேற்பட்ட தகட்டில் 0.29 வரை ஏறுகிறது.

தூணுக்கு அடியில் போடும் 50 மி.மீ. பேஸ் பிளேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏ36 தரும் உறுதி 250. இ250 தருவது 230. எஸ்275 தருவது 255. எஸ்235, எஸ்எஸ்400, கியூ235 மூன்றும் தருவது 215. டிராயிங்கில் ஏ36 என்று கணக்குப் போட்டவர் 250-ஐ நம்பியிருக்கிறார். இ250 போட்டால் 8 விழுக்காடு குறைகிறது. கியூ235 போட்டால் 14 விழுக்காடு. வடிவமைப்பில் அந்த அளவு மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கணக்கைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பெயர் இ250 என்று இருப்பதால் எல்லாத் தடிமனுக்கும் 250 கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வது, மண்டியிலும் அலுவலகத்திலும் ஒரே மாதிரி நடக்கும் தவறு.

தடிமனோடு அளவுமுறையும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்க டிராயிங்கில் கால் அங்குலத் தகடு என்றால் 6.35 மி.மீ. நம்மிடம் கிடைப்பது 6 மி.மீ. அதிலேயே ஐந்தரை விழுக்காடு போய்விடுகிறது. அந்த 6 மி.மீ. தகடு எஸ்235-ஆகவும் இருந்துவிட்டால் ஈல்டில் இன்னும் 6 விழுக்காடு போகும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ‘பரவாயில்லை’. சேர்த்துப் பார்த்தால் தாங்குதிறன் 11 விழுக்காடு குறைந்திருக்கும்.

போல்ட் துளைக்கு இழுவலிமை

ஈல்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு மூடிவைக்கக் கூடாது. போல்ட் போடத் துளையிட்ட ஓர் ஆங்கிளை இழுத்தால், துளை இருக்கும் இடத்தில் உலோகம் குறைவு. அங்கே ஆபத்து நீள்வதில் இல்லை, கிழிவதில் இருக்கிறது. அதனால் நம் ஐஎஸ் 800 உட்பட வடிவமைப்பு விதிகள் அந்த இடத்தைச் சரிபார்க்க இழுவலிமையைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இ250-க்குக் குறைந்தபட்ச இழுவலிமை 410. ஏ36-க்கு 400 முதல் 550 வரை. எஸ்275-க்கு 410 முதல் 560. எஸ்எஸ்400-க்கு 400 முதல் 510. கியூ235-க்கு 370 முதல் 500. எஸ்235-க்கு 360 முதல் 510. இ250-க்குப் பதில் எஸ்235 வாங்கினால் ஈல்டு 6 விழுக்காடுதான் குறைகிறது என்று தேற்றிக்கொள்பவர், துளையிட்ட இடத்தில் 12 விழுக்காடு இழந்திருப்பார். பற்றவைத்துச் செய்யும் வேலைக்கு ஒத்துவந்த மாற்று, போல்ட் போட்டுச் செய்யும் வேலைக்கு ஒத்துவராமல் போவது இப்படித்தான்.

நீட்சி விழுக்காட்டை ஒப்பிடும்போதும் ஒரு எச்சரிக்கை வேண்டும். எஸ்235-க்கு 26, ஏ36-க்கு 20, எஸ்எஸ்400-க்கு 17 என்று எண்கள் தென்படும். ஜப்பானிய எஃகு முறுக்கென்று ஒடியும் போலிருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் அளக்கும் நீளம் வேறு. அறும் நேரத்தில் துண்டு ஓரிடத்தில் இடுப்பு சிறுத்து நீள்கிறது. குறுகிய நீளத்தில் அளந்தால் அந்த இடுப்பின் பங்கு பெரிதாகத் தெரியும், 200 மி.மீ. நீளத்தில் அளந்தால் கரைந்துபோகும். ஏ36-க்கே 200 மி.மீ. அளவில் 20, 50 மி.மீ. அளவில் 23 என்று இரண்டு எண்கள் உண்டு. அளவுநீளம் தெரியாமல் நீட்சியை ஒப்பிட வேண்டாம்.

ஒன்று மட்டும் எந்த நாட்டு எஃகிலும் மாறாது: விறைப்பு. எல்லாவற்றுக்கும் சுமார் 2 லட்சம் மெகாபாஸ்கல். உத்தரம் அதிகமாகத் தொய்கிறது, நடந்தால் அதிர்கிறது என்றால், தரத்தை உயர்த்திப் பயனில்லை. உத்தரத்தின் ஆழத்தைத்தான் கூட்ட வேண்டும்.

பற்றவைக்க வருமா?

வலிமையைவிட இந்தக் கேள்வி நுட்பமானது. பற்றவைக்கும்போது மூட்டை ஒட்டிய எஃகு சூடாகிச் சட்டென்று ஆறுகிறது. கார்பன் அதிகமானால் அந்தப் பகுதி கடினப்பட்டு, பிறகு விரிசல் விடும். மாங்கனீஸ், குரோமியம் போன்றவையும் ஓரளவு அதே வேலையைச் செய்கின்றன. இவற்றையெல்லாம் கார்பனின் கணக்கில் கொண்டுவந்து கூட்டுவதுதான் ‘கார்பன் ஈக்விவலன்ட்’: கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கலும் தாமிரமும் சேர்ந்ததில் பதினைந்தில் ஒரு பங்கு.

இ250 பிஆர் தரத்துக்கு இந்தக் கூட்டுத்தொகை 0.41-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பியத் தரநிலையும் வரம்பு வைக்கிறது. ஏ36 தானாக எந்த வரம்பும் வைப்பதில்லை. 25 மி.மீ. ஏ36 தகட்டில் கார்பன் 0.25, மாங்கனீஸ் 1.20 இருந்தால் அது தரநிலைக்கு உட்பட்டதுதான். கூட்டிப் பார்த்தால் 0.45 வருகிறது. இந்திய டிராயிங் ஒன்றுக்கு ‘சமமான’ ஏ36 என்று அதை இறக்கினால், முன்சூடு இல்லாமல் பற்றவைத்துப் பழகிய வெல்டரின் கைக்கு அது வேறு எஃகு.

எஸ்எஸ்400 இன்னும் ஒரு படி தளர்வானது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் 0.050-க்கு மேல் போகக் கூடாது என்பது மட்டுமே வேதி நிபந்தனை. கார்பனுக்கு வரம்பே சொல்லவில்லை. நல்ல ஆலையின் எஸ்எஸ்400 பெரும்பாலும் சிக்கலின்றிப் பற்றும், மறுக்கவில்லை. ஆனால் அது ஆலையின் நல்ல பழக்கம். தரநிலை தந்த உறுதி அன்று. பற்றவைக்கும் கட்டுமானத்துக்கென்றே ஜப்பானியர் எஸ்எம்400 என்ற தனி வரிசையை, கார்பன் வரம்போடு வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் ஏ36-க்கு நேரே எஸ்எஸ்400 என்று மட்டும் பார்த்துவிட்டு, இந்த இரண்டாவது பெயரைக் கவனிக்காமல் போகிறோம்.

சீனத்திலிருந்து வந்த எஃகில் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பாடம் கிடைத்தது. சிறிதளவு போரான் சேர்த்தால் அது ‘கலப்பு எஃகு’ வகையில் சேர்ந்து ஏற்றுமதி வரிச்சலுகை பெற்றது. 2015 தொடக்கத்தில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. போரான் மிகச் சிறிய அளவிலேயே எஃகைக் கடினப்படுத்தக்கூடியது. மேலே சொன்ன கூட்டுத்தொகையில் போரானுக்கு இடமே கிடையாது. சான்றிதழில் கார்பன் ஈக்விவலன்ட் அழகாக இருக்கும், மூட்டில் விரிசல் வரும். சூத்திரம் கேட்காததைச் சான்றிதழ் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஒரே எழுத்து, வேறு பொருள்

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத் துறையில், சலனமற்ற நீரில் நின்றுகொண்டிருந்த ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம்புதிய எண்ணெய்க்கப்பல் பெருஞ்சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. அந்தப் போர்க்கால வரிசைக் கப்பல்கள் பலவற்றில் இப்படி விரிசல்கள் வந்தன. குளிரில் எஃகு தன் இளக்கத்தை இழந்து கண்ணாடிபோல் உடையக்கூடும் என்பதையும், பற்றவைத்த உடலில் விரிசல் தடையின்றி ஓடும் என்பதையும் அவைதான் உலகத்துக்கு உரக்கச் சொல்லின. ஈல்டும் இழுவலிமையும் சரியாக இருந்தும் இது நடக்கலாம். அதனால்தான் சார்பி சோதனை: வெட்டுக் கொடுத்த சிறு துண்டை ஊசல் சம்மட்டியால் அடித்து, அது உடைய எத்தனை ஜூல் ஆற்றலை உறிஞ்சியது என்று அளப்பது. வழக்கமான வரம்பு 27 ஜூல். எந்த வெப்பநிலையில் அந்த 27 என்பதுதான் முக்கியம்.

அதைச் சொல்வதற்காகத்தான் தரத்தின் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வருகின்றன. இந்தியாவில் ஏ என்றால் சோதனை தேவையில்லை. பிஆர் என்றால் கேட்டால் அறை வெப்பநிலையில். பி0 என்றால் கட்டாயமாக 0 டிகிரியில். சி என்றால் மைனஸ் 20-ல். ஐரோப்பாவில் ஜேஆர் 20 டிகிரி, ஜே0 0 டிகிரி, ஜே2 மைனஸ் 20. சீனத்தில் ஏ-வுக்குச் சோதனை இல்லை, பி 20 டிகிரி, சி 0 டிகிரி, டி மைனஸ் 20. ஜப்பானின் எஸ்எம்400-ல் பி என்றால் 0 டிகிரியில் 27 ஜூல், சி என்றால் அதே 0 டிகிரியில் 47 ஜூல்.

‘சி’ என்ற ஒரே எழுத்து மூன்று நாட்டில் மூன்று பொருள் தருவதைக் கவனியுங்கள். இந்திய சி-க்கு இணை சீன சி அன்று, சீன டி. ஏ36-க்கும் எஸ்எஸ்400-க்கும் தனியாகக் கேட்டு வாங்காதவரை இந்த உறுதி எதுவுமே கிடையாது. சென்னையில் நிற்கும் கூரைத் தாங்கிக்கு இது பெரிய விஷயம் ஆகாமல் போகலாம். இங்கே செய்து கனடாவுக்கு அனுப்பும் கட்டமைப்புக்கும், இமயமலைப் பக்கம் போகும் பாலத்துக்கும் இது உயிர்ப்பிரச்சினை.

கூடுதல் வலிமையும் சிக்கலாகலாம்

‘கேட்டதைவிட வலுவாகக் கொடுத்தால் யார் கோபிப்பார்கள்?’ என்று தோன்றும். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. எஃகுக் கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் பற்றுமூட்டுகள் எதிர்பாராத அளவில் விரிசல் விட்டிருந்தன. வெல்டிங் உலோகம், மூட்டின் வடிவம் என்று காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஏ36 உத்தரங்கள் பெயரில் சொன்னதைவிட மிக வலுவாக இருந்தது. நிலநடுக்க வடிவமைப்பில் உத்தரம் முதலில் வளைந்து ஆற்றலை உறிஞ்ச வேண்டும், தூணும் மூட்டும் நிற்க வேண்டும். உத்தரம் வளைய மறுத்தால் சுமை மூட்டின்மேல் விழுகிறது. ஏ36 ஈல்டுக்குக் கீழ்வரம்பு மட்டுமே உண்டு, மேல்வரம்பு கிடையாது. இ250-க்கும் அப்படித்தான்.

இதன் பின்னர் அமெரிக்கா 1998-ல் ஏ992-ஐக் கொண்டுவந்தது: ஈல்டு 345-க்குக் குறையவும் கூடாது, 450-ஐத் தாண்டவும் கூடாது. அமெரிக்க நிலநடுக்க விதிகள் ஏ36 உத்தரம் பெயரில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு வலுவாக இருக்கும் என்று கருதியே மூட்டை வடிவமைக்கச் சொல்கின்றன. ஜப்பான் 1994-லேயே எஸ்என்400 என்ற கட்டடத் தரத்தை மேல்வரம்போடு வெளியிட்டிருந்தது. நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, அதே ஜனவரி 17 அன்று, கோபே குலுங்கியது. இந்தியாவிலும் நிலநடுக்கக் கட்டடங்களுக்கென ஐஎஸ் 15962 என்ற தனித் தரநிலை இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

மண்டிக்காரர் சொன்னதில் பொய் இல்லை. அவர் சொன்னது பாதி வாக்கியம். ‘எந்த வேலைக்கு ஒன்று?’ என்ற மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர் வடிவமைத்தவர். கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. பட்டறை செய்ய வேண்டியது கேள்வியைத் தெளிவாகக் கேட்பது.

மாற்றுத் தரம் கேட்கும் கடிதத்தில் தரத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பாகம், என்ன தடிமன், அந்தத் தடிமனில் ஈல்டும் இழுவலிமையும் எவ்வளவு, பற்றவைப்பா போல்ட்டா, கார்பன் ஈக்விவலன்ட் எவ்வளவு, அடிசோதனை எந்த டிகிரியில் என்று வரிவரியாக இரண்டு தரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு வரியில் குறைந்தால் அந்த வரியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். மாதக்கணக்கில் ஓடும் கடிதப் போக்குவரத்து ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது, பெயரைவிட்டுப் பொருளைப் பார்ப்பது. ஆலை தரும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் அந்த வார்ப்பின் உண்மையான எண்கள் இருக்கும். இ250 தகடு ஒன்று சோதனையில் 290 ஈல்டு காட்டியிருக்கலாம், கார்பன் 0.17 ஆக இருக்கலாம். அப்போது அது ஏ36-ன் எல்லா நிபந்தனைகளையும் தாண்டுகிறதா என்று நேராகச் சரிபார்க்கலாம். பல ஆலைகள் ஒரே வார்ப்புக்கு இரண்டு தரநிலைகளிலும் சான்றளிப்பது இதனால்தான். ஆனால் சான்றிதழில் உள்ள ஹீட் நம்பர், பட்டறையில் கிடக்கும் தகட்டில் அடித்திருக்கும் நம்பரோடு பொருந்த வேண்டும். தகட்டை வெட்டும்போது நம்பர் இருக்கும் பக்கம் கழிவோடு போய்விட்டால், மிச்சம் இருப்பது பெயரில்லாத இரும்பு. வெட்டுவதற்கு முன் அந்த நம்பரை அடுத்த துண்டுக்கு மாற்றிக் குறிக்கும் இரண்டு நிமிட வேலையை எந்த அட்டவணையாலும் ஈடுகட்ட முடியாது.

நம் பட்டறைகளில் பல நாட்டு வேலைகள் நடக்கின்றன. வெல்டரின் கைத்திறனில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் மூட்டுகிற எஃகு எது என்று அவருக்குச் சரியாகச் சொல்வது, டிராயிங் போடுபவரும் பொருள் வாங்குபவரும் அவருக்குப் பட்டிருக்கும் கடன். ‘ஏ36 அல்லது இணையானது’ என்று டிராயிங்கில் எழுதிவிட்டு நகர்வதால் அந்தக் கடன் தீராது. ‘20 மி.மீ.-க்குக் கீழே ஐஎஸ் 2062 இ250 பிஆர் போடலாம். 20-க்கு மேல் கேட்டுவிட்டுப் போடவும். கார்பன் ஈக்விவலன்ட் 0.41-க்குள்’ என்று எழுதினால் ஒரு வரிதான் கூடுகிறது. அந்த ஒரு வரி இருந்திருந்தால், மண்டிக்குப் போன் போட்ட அந்தப் பட்டறைக்காரருக்கு எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.